டக்... டக்னு சத்தம் வந்தா இடுப்பு வலி போயிடுமா? கைரோபிராக்டிக் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். முதுகருகே சின்னதாக ஒரு மைக். சிகிச்சை தருபவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து ஒரே அழுத்து. ‘டக்... டக்... டக்’. படுத்திருந்தவர் எழுந்து, குனிந்து கால் விரலைத் தொட்டுக் காட்டுகிறார். கண் கலங்குகிறார். 40 நொடியில் வீடியோ முடிகிறது. கீழே கமெண்ட்டில் ஆயிரம் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எந்த ஊரு? எவ்வளவு ஆகும்?’

சில மாதங்களுக்கு முன் என் சித்தப்பாவும் இப்படி ஒரு ரீலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஈரோடு பக்கம் 20 வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி. ‘கண்ணு, நீ நியூஸ்லதானே இருக்கே. இது நெசமா? போலாமா?’ 10 சிட்டிங் சேர்ந்த பேக்கேஜ், பாதிப் பணம் முன்னாடியே கட்டணும் என்று சொன்னார்களாம்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

வலி எங்கிருந்து வருது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். இடுப்பு வலி அபூர்வ நோய் இல்லை. 2020-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 61.9 கோடி பேருக்குக் கீழ் முதுகு வலி இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதாவது ஏறத்தாழ 13 பேரில் ஒருவர். 2050-க்குள் இது 84.3 கோடி ஆகலாம் என்பது கணிப்பு. உலக அளவில் மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் இதுதான் முதலிடம்.

நம் கீழ் முதுகில் 5 பெரிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. மருத்துவ மொழியில் எல்1 முதல் எல்5 வரை. நடுவில் மெத்தை போல டிஸ்க். மேல் உடம்பின் பாரம் முழுவதும் இங்கேதான் இறங்குகிறது. குனிவது, தூக்குவது, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, குலுங்கும் வண்டியில் போவது எல்லாவற்றையும் இந்த இடம்தான் தாங்குகிறது. டிஸ்க் பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும் பிரச்சினை பெரும்பாலும் கடைசி இரண்டு இடங்களில்தான் வரும்: எல்4-எல்5, எல்5-எஸ்1. ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எழுத்துகள் மனப்பாடமாகவே இருக்கும்.

ஆனால் இடுப்பு வலி உள்ள 100 பேரில் சுமார் 90 பேருக்கு, ‘இந்த எலும்பு, இந்த டிஸ்க்தான் காரணம்’ என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. தசை, ஜவ்வு, மூட்டு, தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாம் கலந்த வலி அது.

‘அதான் எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கே’ என்பார்கள். இங்கேதான் பலரும் பயந்துபோகிறார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். யாருக்கும் வலி இல்லை! தலைமுடி நரைப்பது போல டிஸ்க்கும் வயதாக ஆகத் தேய்கிறது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் காட்டி ‘எலும்பு விலகியிருக்கு, தட்டி உள்ளே தள்ளணும்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காது கேட்கவைத்தாராம் ஒருவர்

கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்காவில், 1895-இல். ஐயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதே கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஹார்வி லில்லார்ட் என்பவருக்குக் காது மந்தம். அவருடைய முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பை அழுத்தியதும் காது கேட்டுவிட்டது என்று பால்மர் அறிவித்தார். இரண்டே ஆண்டில், 1897-இல், இதற்கென ஒரு பள்ளியும் தொடங்கிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், காது கேட்கும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. அது மண்டைக்குள்ளேயே மூளைக்குச் செல்கிறது. பால்மர் அதோடு நிற்கவில்லை. 95 சதவீத நோய்களுக்கு முதுகெலும்பு விலகுவதுதான் காரணம் என்று எழுதினார். இந்த ‘விலகல்’தான் சப்லக்சேஷன் என்ற பெயரில் இன்றும் சில கிளினிக் போர்டுகளில் இருக்கிறது.

இதை மறுப்பவர்கள் வெளியாட்கள் மட்டுமில்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் சட்டபூர்வ அமைப்பான ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல், சப்லக்சேஷன் என்பது வரலாற்றில் இருந்த ஒரு கருத்து மட்டுமே, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று கூறிவிட்டது. ஆகவே இன்று இந்தத் துறைக்குள்ளேயே இரண்டு கூட்டம். முதுகு, மூட்டு வலியோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒரு பக்கம். சர்க்கரை, ஆஸ்துமா, குழந்தையின்மை வரை எல்லாமே முதுகெலும்பால்தான் என்பவர்கள் இன்னொரு பக்கம். நீங்கள் போகும் கிளினிக் எந்தப் பக்கம் என்பதை அங்கே ஒட்டியிருக்கும் நோய்ப் பட்டியலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, அந்த ‘டக்’ சத்தம் என்ன?

எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது அதுவல்ல. மூட்டுக்குள் வழுவழுப்பான ஒரு திரவம் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கும். மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குமிழி உருவாகிறது. விரலில் சொடுக்கு எடுப்பதும் இதேதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விரல் மூட்டை இழுக்கும் நேரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சத்தம் வரும் அதே நொடியில் உள்ளே குமிழி உருவாவதைப் படம் பிடித்தார்கள். ஒருமுறை சொடுக்கு எடுத்தால் கொஞ்ச நேரத்துக்கு அதே விரலில் மறுபடி வராது, கவனித்திருப்பீர்கள். குமிழி அடங்க நேரம் வேண்டும்.

இன்னும் சுவாரஸ்யமான விஷயம், சத்தம் வரும் இடம். கைரோபிராக்டர்கள் குறிவைத்த மூட்டில்தான் சத்தம் வருகிறதா என்று கருவிகள் வைத்து அளந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. கீழ் முதுகில் குறி சராசரியாக 5 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போயிருந்தது. அதாவது குறைந்தது ஓர் எலும்பு தள்ளி. சுமார் பாதி முறைதான் குறி சரியாக விழுந்தது. இடுப்பு வலிக்காரர்களிடம் நடந்த வேறோர் ஆய்வு, சத்தம் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் கிடைத்த நிவாரணத்தில் வித்தியாசம் இல்லை என்று சொன்னது.

ரீல்களில் மைக் வைப்பது ஏன் என்று இப்போது புரியும். சிகிச்சைக்கு அந்த மைக் தேவையே இல்லை, வியூஸுக்குத்தான் தேவை.

அப்போ இது முழுக்க ஏமாத்து வேலையா?

இல்லை. இங்கே நியாயமாக இருக்க வேண்டும்.

கைரோபிராக்டிக்கில் முக்கியமாகச் செய்வது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி அசைப்பது. கீழ் முதுகு வலிக்கு இதனால் ஓரளவு பலன் இருக்கிறது என்று நல்ல ஆய்வுகளே சொல்கின்றன. அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதுதான் கேள்வி.

புதிதாக வந்த இடுப்பு வலி பற்றிய 26 ஆய்வுகளை அலசிய ஒரு தொகுப்பு 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 100 புள்ளி வலி அளவில் சராசரியாக 10 புள்ளி குறைந்தது. வலி 60-இல் இருந்தால் 50 ஆகும். இல்லாமல் போகாது. நாள்பட்ட வலிக்கு 47 ஆய்வுகள், 9,211 நோயாளிகளைக் கொண்ட தொகுப்பு 2019-இல் பி.எம்.ஜே. இதழில் வெளியானது. உடற்பயிற்சி போன்ற மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் என்ன பலன் தந்தனவோ, கிட்டத்தட்ட அதே பலன்தான் இதிலும். வலி குறைவதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கென முதன்முறையாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சைக்கும் மசாஜுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் தனியாக அல்ல. வலியைப் பற்றிப் புரியவைப்பது, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை ஆகியவற்றோடு சேர்த்துத்தான்.

அதே வழிகாட்டுதல் எதை வேண்டாம் என்றது தெரியுமா? இடுப்பு பெல்ட். உடம்பை இழுக்கும் டிராக்ஷன். கரன்ட் வைக்கும் டென்ஸ் கருவி. நாள்பட்ட வலிக்கு இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. மெடிக்கல் ஷாப்பில் பெல்ட் வாங்கி வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! எங்கள் வீட்டிலும் ஒன்று பீரோவில் இருக்கிறது.

அப்படியானால் ரீலில் வருபவர் உடனே குனிந்து காட்டுகிறாரே? அது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. திடீர் அழுத்தத்தில் இறுகிய தசை தளர்கிறது. வலி உணர்வு சற்று நேரம் மட்டுப்படுகிறது. ஒருவர் அக்கறையாக உடம்பைத் தொட்டுக் கவனித்ததே ஒரு நிம்மதி. போதாததற்கு, புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். அந்த ஆறு வாரத்தில் யாரிடம் போயிருந்தோமோ அவருக்கே பெயர் போய்ச் சேரும். நம் ஊர்களில் கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பார்களே, அந்த நம்பிக்கைக்கும் கொஞ்சம் கைகொடுத்தது இந்த ஆறு வாரமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து அவருக்கு வலி திரும்பியதா என்பதற்கு மட்டும் ரீல் வருவதில்லை.

கழுத்துக்கு வந்தால் கதை வேறு

கீழ் முதுகில், பயிற்சி பெற்றவர் செய்தால் கடுமையான பாதிப்பு அபூர்வம். ஒன்றிரண்டு நாள் வலி கூடுவது, இறுக்கம், தலைவலி போன்றவை சகஜம். ஆனால் இடுப்பு வலி என்று போனவருக்கு ‘அப்படியே கழுத்தையும் பார்த்துடலாம்’ என்று தலையைத் திருப்பும் வழக்கம் இருக்கிறது. அங்கே எச்சரிக்கை தேவை.

கழுத்து எலும்புகளின் ஓட்டை வழியாக மூளைக்கு ரத்தக் குழாய்கள் போகின்றன. திடீரென முறுக்கும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்தால் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். கழுத்தைச் சொடுக்கும் சிகிச்சைக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் இதனால்தான் அது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எப்படியானாலும் நோயாளியிடம் இந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே கிழிசல் தொடங்கி, அந்தக் கழுத்து வலிக்காகவே சிகிச்சைக்குப் போனவர்களும் இருக்கலாம் என்பதால்தான் அந்தத் தயக்கம்.

இதற்குக் கிளினிக் வரை போகவே வேண்டாம். முடிவெட்டி முடித்ததும் சலூனில் இலவசமாகவே கழுத்தைத் திருப்புகிறார்களே! 2017-இல் டெல்லியில் இப்படிக் கழுத்தைச் சொடுக்கியதில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு, மூச்சுவிட முடியாமல் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி நாடு முழுக்க வந்தது. ‘அண்ணா, கழுத்து வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் கைரோபிராக்டர்?

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய பிரச்சினை இதுதான்.

அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் கைரோபிராக்டருக்கு உரிமம் கட்டாயம். கடைசியாகச் சட்டம் இயற்றிய லூசியானாவே 1974-இல் செய்துவிட்டது. பிரிட்டனில் 1994-இலிருந்து தனிச் சட்டம். தவறு நடந்தால் புகார் கொடுக்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2005-இல் வகுத்த அளவுகோல்படி, முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 1,000 மணி நேரம் மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தியாவில் கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டமும் இல்லை, பதிவு செய்யும் கவுன்சிலும் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வருகிறார்கள். அவர்கள் நான்கு ஆண்டுக்கு மேல் கல்லூரியில் படித்தவர்கள். அவர்களிலும் கையால் மூட்டை அசைக்கும் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு வந்து இங்கே கைரோபிராக்டிக் செய்பவர்களும் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் அதே போர்டைத்தான் மாட்டுகிறார். வாசலில் நிற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் கேட்டுவிடுங்கள். ‘என்ன படிச்சிருக்கீங்க? எங்கே? எத்தனை வருஷம்?’ கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்கள் முதுகு. உங்களை உட்காரவைத்துப் பழைய நோய், மாத்திரை எல்லாம் விசாரிக்காமல், காலைத் தூக்கிப் பார்க்காமல், நேராகப் படுக்கச் சொல்கிறார் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

எப்போது யாரும் தொடக் கூடாது?

சில வலிகள் வெளியே இடுப்பு வலி மாதிரி இருக்கும். உள்ளே வேறு. நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது டி.பி. காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். எலும்பு, மூட்டில் வரும் டி.பி.யில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, படுத்தாலும் அடங்காத வலி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அரித்துப்போன எலும்பில் கை வைத்து அழுத்தினால் என்னாகும் என்று விளக்கத் தேவையில்லை. எலும்பு மெலிந்த வயதான பெண்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், சமீபத்தில் கீழே விழுந்தவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட அவசரம் ஒன்று உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது. முதுகின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி இது. காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சித்தப்பா என்ன ஆனார்?

இதையெல்லாம் படித்த பிறகு, பதில் சொல்வதற்கு முன் அவரிடம் நான்கைந்து கேள்வி கேட்டேன். காய்ச்சல்? இல்லை. சிறுநீர்? பிரச்சினை இல்லை. கால் மரத்துப்போகுதா, சித்தப்பா? கொஞ்ச நேரம் அமைதி. ‘மரத்தெல்லாம் போகல கண்ணு. ஆனா இடது கால் செருப்பு எப்போ கழண்டு விழுதுன்னே தெரியறதில்ல. சுகர் இருக்குதில்ல, அதனாலதான்னு விட்டுட்டேன்.’

‘சித்தப்பா, ரீல் எல்லாம் அப்புறம் பாக்கலாம். நாளைக்கே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்றேன். எலும்பு சிகிச்சைப் பிரிவில் டாக்டர் முதலில் செய்தது, இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே தூக்கச் சொன்னது. வலது தூக்கியது. இடது பாதியிலேயே நின்றுவிட்டது. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. சர்க்கரைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றாராம். இந்த நிலையில் இடுப்பை முறுக்கும் எதையும் செய்யவே கூடாது என்று கண்டித்து அனுப்பினார். மாத்திரை, பிசியோதெரபி. பலவீனம் கூடினால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் அரசு மருத்துவமனையில் நடந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு கே.கே. நகரில் மறுவாழ்வு சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஏனோ இதையெல்லாம் யாரும் ரீல் போடுவதில்லை.

நரம்பு அழுத்தமில்லாத சாதாரண இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வலி வந்து குணமானவர்கள் 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2024-இல் லான்செட் இதழில் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த வலி வர 208 நாள் ஆனது. எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். இலக்கு, வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம். அதையும் ஒரே நாளில் அல்ல, ஆறு மாத அவகாசத்தில். மைக் வைத்தால் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பதால் இதுவும் வைரல் ஆகவில்லை.

சித்தப்பாவுக்கு இப்போது வலி பாதி குறைந்திருக்கிறது. கட்டைவிரல் முன்பைவிடக் கொஞ்சம் மேலே வருகிறது. வீட்டு வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை 15 நிமிடம் நடக்கிறார், வார் வைத்த செருப்பு போட்டுக்கொண்டு. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை வேனை சித்தியோட தம்பி ஓட்டுகிறார்.